உல்லாசத்துக்கு ஓர் அணை: அனுபவிப்பவர் மேலே, ஆபத்து கீழே

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப்போட்ட வேளையில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தது. அதன்பின் மூதூர், சேருவில பகுதி மக்கள் அனுபவித்த அவலம் எமக்கு இன்னும் மறக்கவில்லை. அதையடுத்து அணைகளின் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுந்தது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அரச நீர்த்தேக்கங்களையும் பெருங்குளங்களையும் சுற்றியே நிற்கிறது. அவற்றின் வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, யார் அறிவித்தார், யார் அறிவிக்கவில்லை என்பனவே கேள்விகள். அவை நியாயமான கேள்விகள்தாம்.

ஆனால் யாரும் அதிகம் பேசாத இன்னொரு வகை அணை உண்டு. தனியார் ஒருவரோ, ஒரு கழகமோ, ஒரு விடுதியோ தமது காணிக்குள் ஓடும் ஓடையை மறித்துக் கட்டும் சிறிய அணை. அதில் நீந்தலாம், படகு விடலாம், தூண்டில் போடலாம், கரையில் அமர்ந்து பொழுதைக் கழிக்கலாம். விவசாயத்துக்கோ குடிநீருக்கோ அல்லாமல் உல்லாசத்துக்காக மட்டும் தேக்கப்பட்ட நீர் அது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் அதிகமானவை தனியாருக்குச் சொந்தமானவை. அணையின் பிரதான நோக்கம் என்ன என்ற பகுதியில் அதிகமாகக் குறிக்கப்பட்டிருப்பது பொழுதுபோக்கு.

சுற்றுலாத்துறையை மீள நிமிர்த்த வேண்டும் என்று எல்லோரும் பேசும் காலம் இது. மலையகத்திலும் ஏனைய இடங்களிலும் 'இயற்கையோடு இணைந்த' விடுதிகளுக்கு வரவேற்பு இருக்கிறது. எனவே இத்தகைய அணைகள் பற்றி உலகம் கற்ற பாடங்களை நாமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயன் தரும். அப்பாடங்களில் மிகக் கொடியது 1889இல் நடந்தது.

மீன் தப்பாமல் இருக்க ஒரு தடுப்பு

பென்சில்வேனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ளது சவுத் ஃபோர்க். அங்கு கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் வழங்குவதற்காக மாநில அரசாங்கம் ஒரு மண் அணையைக் கட்டி 1853இல் முடித்தது. அதன் உயரம் சுமார் 72 அடி. ரயில் பாதை வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது. அணை கைவிடப்பட்டது, கைமாறியது, 1862இல் ஒருமுறை உடைந்தும் போனது. இடையில் அதை வாங்கிய ஒருவர், அணையின் அடியில் நீரை வெளியேற்றுவதற்காகப் பதிக்கப்பட்டிருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்.

1879இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அந்த இடத்தை வாங்கினார். பிட்ஸ்பேர்க் நகரின் செல்வந்தர்களுக்காக 'சவுத் ஃபோர்க் மீன்பிடி, வேட்டைக் கழகம்' உருவானது. உருக்கு உலகின் பெரும்புள்ளிகளான அன்ட்ரூ கார்னகியும் ஹென்றி கிளே பிரிக்கும் அதன் உறுப்பினர்கள். உடைந்த அணை திருத்தப்பட்டது. சுமார் இரண்டு மைல் நீளமான ஏரி உருவானது. கரையில் மாளிகை போன்ற விடுமுறை இல்லங்கள் எழுந்தன. பாய்மரப் படகுகள் ஓடின.

அந்தத் திருத்த வேலையில் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும். விற்கப்பட்ட வெளியேற்றுக் குழாய்களுக்குப் பதிலாகப் புதியவை பதிக்கப்படவில்லை. எனவே ஏரியின் நீர்மட்டத்தை விரும்பியபோது குறைக்க வழியே இல்லை. இரண்டாவது, அணையின் மேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்லக்கூடியதாக அதன் முகடு சில அடி வெட்டித் தாழ்த்தப்பட்டது. மூன்றாவது, முன்பு உடைந்து திருத்தப்பட்ட நடுப்பகுதி அமிழ்ந்து, ஓரங்களை விடத் தாழ்ந்து நின்றது. நான்காவது, ஏரியில் விட்ட விலை உயர்ந்த மீன்கள் தப்பி ஓடாமல் இருக்க, மேலதிக நீர் வழிந்தோடும் வானுக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு போடப்பட்டது.

இவற்றுள் முகட்டை வெட்டியது வண்டி போவதற்காக. தடுப்புப் போட்டது மீனுக்காக. குழாய்களை மீளப் பதிக்காமல் விட்டதில் செலவு மிச்சம். உல்லாசத்தின் வசதியும் சிக்கனமும் பாதுகாப்பின் இடத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன.

அணைக்குக் கீழே சுமார் 14 மைல் தூரத்தில் ஜோன்ஸ்டவுன் நகரம் இருந்தது. அது உருக்காலைத் தொழிலாளர்களின் ஊர். அங்கிருந்த கேம்ப்ரியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொரல் கவலைப்பட்டு, 1880இல் ஜோன் ஃபுல்டன் என்பவரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். வெளியேற்றுக் குழாய் இல்லை, திருத்த வேலை தரமானதல்ல என்று ஃபுல்டன் அறிக்கை கொடுத்தார். செலவில் பங்கெடுக்கவும் மொரல் முன்வந்தார். எங்கள் ஏரியால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்ற கருத்தில் கழகம் பதில் எழுதி விடயத்தை முடித்துக்கொண்டது.

1889 மே 31ஆம் திகதி, முந்திய இரவு முழுவதும் கொட்டிய மழையில் ஏரி ஏறிக்கொண்டே போனது. அன்று காலை கழகத்தின் ஆட்கள் வானில் சிக்கிய குப்பைகளை அகற்றப் பார்த்தார்கள், புதிய வழி வெட்டப் பார்த்தார்கள், முகட்டை மண்ணால் உயர்த்தப் பார்த்தார்கள். எதுவும் கைகொடுக்கவில்லை. தந்தி மூலம் எச்சரிக்கையும் போனது. ஆனால் ஆண்டுதோறும் 'அணை உடையப் போகிறது' என்ற கதையைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிற்பகலில் அணை உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஜோன்ஸ்டவுனை அடைந்தது. 2,200க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. 99 குடும்பங்கள் ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்தன. அடையாளம் காணப்படாத உடல்கள் மட்டும் 700க்கும் அதிகம்.

'கடவுளின் செயல்' என்ற கேடயம்

வழக்குகள் போடப்பட்டன. கழகத்தையோ அதன் உறுப்பினர்களையோ பொறுப்பாளிகளாக்கி ஒரு சதம் நட்டஈடு பெறவும் எவராலும் முடியவில்லை. அது 'கடவுளின் செயல்' என்ற வாதம் வென்றது. அமெரிக்க சிவில் பொறியியலாளர் சங்கம் விசாரணை நடத்தியது. அதன் அறிக்கை 1891 வரை வெளிவரவில்லை. கழகம் செய்த மாற்றங்கள் இல்லாதிருந்தாலும் அணை உடைந்திருக்கும் என்று அது கூறியது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் நின்ற அந்த முடிவை, 2016இல் வெளியான ஆய்வொன்று கணக்குப் போட்டு மறுத்தது. முகட்டைத் தாழ்த்தியதால் வெள்ளத்தை வெளியேற்றும் திறன் பெருமளவு குறைந்தது என்றும், அணை முதலில் கட்டப்பட்ட வடிவில் இருந்திருந்தால் அந்த மழையைத் தாங்கியிருக்கும் என்றும் அது காட்டியது. கார்னகி பின்னர் ஜோன்ஸ்டவுனுக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அக்கட்டடம் இன்று வெள்ள அருங்காட்சியகமாக இருக்கிறது.

இங்கு முஸ்லிம்களாகிய நாமும் சற்று நின்று யோசிக்க வேண்டும். அனர்த்தம் ஒன்று நடந்ததும் 'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொல்லிப் பொறுமை காப்பது எமது ஈமானின் பகுதி. ஆனால் அந்தச் சொல், கவனயீனமாக இருந்தவருக்குக் கேடயமாகி விடக்கூடாது. மழை அல்லாஹ்வின் நாட்டத்தால் பெய்தது. வானுக்குக் குறுக்கே தடுப்பைப் போட்டது மனிதன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டவனைக் கேள்வி கேட்பது தக்தீரை மறுப்பதாகாது.

பாடம் படித்தார்களா?

ஜோன்ஸ்டவுன் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 1977 நவம்பர் 6ஆம் திகதி அதிகாலையில் ஜோர்ஜியா மாநிலத்தின் டொக்கோவாவில் கெலி பார்ன்ஸ் அணை உடைந்தது. அது ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சொந்தமான அணை. மின்சாரத்துக்காகப் பயன்பட்டு வந்தது. 1957இல் மின் உற்பத்தி நின்றபின், அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. அதன் உயரம் 40 அடி அளவுதான். கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். அவர்களில் அரைவாசிப்பேர் சிறுவர்கள். வருமானம் நின்ற அணைக்குப் பராமரிப்பும் நின்றுவிடுகிறது, தேங்கிய நீர் மட்டும் அப்படியே நிற்கிறது என்பதற்கு இது சாட்சி. அமெரிக்காவில் அணைகளைப் பதிவுசெய்து பரிசோதிக்கும் சட்டம் 1972இலேயே வந்திருந்தது. அதை நடைமுறைப்படுத்தப் பணம் கிடைத்தது இந்த 39 உயிர்களுக்குப் பின்னர்தான்.

2006 மார்ச் 14ஆம் திகதி ஹவாயின் கவாய் தீவில் தனியாருக்குச் சொந்தமான கலோகோ அணை உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்காக 1890இல் கட்டப்பட்ட மண் அணை அது. நீர் வழிந்தோட வேண்டிய வான் மண்ணால் நிரப்பப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

2020 மே 19ஆம் திகதி மிச்சிகனில் ஈடன்வில் அணை உடைந்தது. இதுவும் தனியார் அணை. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டாலும், அதன் ஏரிக்கரை முழுவதும் விடுமுறை வீடுகளும் படகுத்துறைகளும் நிறைந்திருந்தன. பெருவெள்ளத்தை வெளியேற்றும் திறன் போதாது என்பதற்காக மத்திய ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு 2018இல் அதன் மின் உற்பத்தி அனுமதியை ரத்துச் செய்திருந்தது. ஆனால் அனுமதி ரத்தானாலும் ஏரி அங்கேயே இருந்தது. அதை நிறைத்து வைப்பதா தாழ்த்துவதா என்பதில் உரிமையாளர், மாநில அரசாங்கம், கரையோர வீட்டுக்காரர் எல்லோருக்கும் இடையில் இழுபறி. அணை உடைந்தபோது சுமார் 10,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை. உரிய நேரத்தில் எச்சரித்து மக்களை வெளியேற்றினால், உடைந்த அணையும் உயிர்களைப் பறிக்காது என்பதை அந்த நாள் காட்டியது.

சிறியது என்பதால் பாதுகாப்பானதா?

'இது என்ன பெரிய அணையா? ஒரு ஏக்கர் குளம்தானே' என்று கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாக இரண்டு மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால், அது ஏறத்தாழ 8,000 கன மீற்றர். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். ஆகவே ஓர் ஓடைக்கு மேல் 8,000 தொன் எடை நிற்கிறது. அது மெதுவாகக் கசிந்து போனால் பிரச்சினை இல்லை. சில நிமிடங்களில் சரிந்து வந்தால், கீழே உள்ள லயன் வீடுகளுக்கோ பாலத்துக்கோ பாதையில் போகும் பஸ்ஸுக்கோ அது சிறியதல்ல.

இன்னொரு கணக்கு. அந்தக் குளத்துக்கு மேலே ஒரு சதுர கிலோமீற்றர் மலைச்சரிவு இருக்கிறது என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்தச் சரிவில் விழும் நீர் 50,000 கன மீற்றர். அதில் பாதி மட்டும் ஓடி வந்தாலும் 25,000. குளத்தின் கொள்ளளவில் மூன்று மடங்கு. அவ்வளவு நீரும் வெளியேற ஒரே வழி வான்தான். வான் ஒடுங்கியதாக இருந்தால், அல்லது இலை குப்பையாலோ மீன்வலையாலோ அடைபட்டிருந்தால், நீர் அணையின் முகட்டைத் தாண்டும். மண் அணைக்கு மேலால் நீர் பாயத் தொடங்கினால் அதன் ஆயுள் மணித்தியாலக் கணக்குத்தான்.

முகட்டைத் தாண்டாமலும் மண் அணை உடையும். அணைக்குள் கசியும் நீர், மண்ணின் நுண்துகள்களைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போய் உள்ளே ஒரு சுரங்கம் போன்ற வழியை உண்டாக்குகிறது. பழைய குழாயைச் சுற்றியும், அணைமேல் வளர விட்ட மரங்களின் வேர்கள் உக்கிப்போன இடத்திலும், விலங்குகள் தோண்டிய பொந்திலும் இது ஆரம்பிக்கும். கசிவு தெளிந்த நீராக வரும்வரை கொஞ்சம் அவகாசம் உண்டு. கலங்கலாக வந்தால் மண் போகிறது என்று அர்த்தம். அழகுக்காக அணைமேல் மரம் நட்டு, ஊஞ்சல் கட்டி, கொட்டில் போடும் உரிமையாளருக்கு இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அணை உடையாமலே உயிர் போகும் வழிகளும் உண்டு. ஆற்றுக்குக் குறுக்கே நாலைந்து அடி உயரத்தில் கட்டப்படும் தடுப்பணையில் நீர் அழகாக வழியும். அதன் அடியில் விழுந்த நீர் சுழன்று திரும்ப அணையை நோக்கியே வரும். அதில் அகப்பட்டவர் மேலே வந்தாலும் மீண்டும் அணையடிக்கே இழுக்கப்படுவார். நல்ல நீச்சல்காரரும், காப்பாற்றக் குதித்தவரும் ஒன்றாகப் பலியாவது இதனால்தான். துருசுக்கு அருகே நீரின் மேற்பரப்பு அசைவற்று இருக்கும், அடியில் இழுவை பலமாக இருக்கும். பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு போய் ஜனாஸாவோடு திரும்பிய வீடுகள் எமது ஊர்களிலும் உண்டு. அறிவிப்புப் பலகை ஒன்றும், ஒரு கயிறும், மிதவைச் சட்டையும், நீச்சல் தெரிந்த ஒரு காவலரும் பெரிய செலவல்ல.

எமது குளங்களுக்கும் உல்லாச அணைக்கும் உள்ள வேறுபாடு

எமது நாடு அணை கட்டத் தெரியாத நாடல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குளங்களோடு வாழ்ந்த நாடு. ஆனாலும் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் கண்டோம். திணைக்களமும் பொறியியலாளரும் பொறுப்பாக இருந்த ஒரு பெருங்குளத்துக்கே அந்த நிலை.

எனினும் கிராமத்துச் சிறுகுளத்தில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. அந்தக் குளத்தின் நீரில் வேளாண்மை செய்பவர்கள் அதன் கீழேயே வாழ்பவர்கள். உடைந்தால் அழிவது அவர்களின் வயலும் வீடும். எனவே கட்டில் நீர் கசிந்தால் முதலில் காண்பதும், மண்மூட்டை சுமப்பதும் அவர்கள்தாம். வட்டவிதானை காலத்திலிருந்து இன்றைய கமக்காரர் அமைப்பு வரை அந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் விவசாயிகளின் அமைப்பை மையமாக வைத்தே சிறு நீர்ப்பாசனத்தைப் பார்க்கிறது.

உல்லாச அணையில் இந்தக் கட்டமைப்பு அறுந்துபோகிறது. அனுபவிப்பவர் வார இறுதியில் வந்து போகிறவர். உரிமையாளர் வேறு நகரத்தில் இருப்பவர். ஆபத்தைச் சுமப்பவர் கீழே வாழும் தோட்டத் தொழிலாளியோ, ஓடைக்கரைக் குடும்பமோ. மேலே ஓர் அணை இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜோன்ஸ்டவுனிலும் இதுதான் நடந்தது. ஏரியில் படகு விட்டவர் பிட்ஸ்பேர்க்கில் வாழ்ந்தார். வெள்ளத்தில் போனவர் ஜோன்ஸ்டவுனில் வாழ்ந்தார். நன்மையும் தீமையும் இரண்டு வெவ்வேறு கூட்டத்தாருக்குப் பங்கிடப்பட்டால், நடுவில் சட்டம் நிற்காவிட்டால் அநியாயமே மிஞ்சும்.

பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு உதாரணம். 1925இல் வேல்ஸின் டொல்கரொக் கிராமத்தில் அணை உடைந்து 16 பேர் இறந்தபின் 1930இல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1975ஆம் ஆண்டின் சட்டம், 25,000 கன மீற்றருக்கு மேல் தேக்கும் எவரும், தனியாராயினும், தகுதி பெற்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது. வேல்ஸில் அந்த எல்லை பின்னர் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் அணையின் அபாயத் தரத்தை முடிவுசெய்வது அதன் அளவு மட்டுமல்ல, அது உடைந்தால் கீழே யார் இறப்பார் என்ற கேள்வி. இந்த இரண்டாவது அணுகுமுறை எமது மலையகத்துக்கு மிகவும் பொருந்தும்.

செய்யக் கூடியவை

அணைகளே வேண்டாம் என்பதல்ல எமது வாதம். ஒரு சிறு அணை நிலத்தடி நீரை உயர்த்தும், பறவைகளுக்கு இடம் தரும், வரட்சியில் உதவும், உள்ளூர் இளைஞருக்குத் தொழில் தரும். குடும்பங்கள் மனம் ஆறி இருக்கவும் இடம் வேண்டும். அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சில அடிப்படை ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, பதிவு. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் தனியார் தேக்கியுள்ள நீர்நிலைகள் எவை, அவற்றின் உரிமையாளர் யார், கீழே எத்தனை வீடுகள் உள்ளன என்ற பட்டியல் வேண்டும். கிராம உத்தியோகத்தர்கள் மனம் வைத்தால் சில வாரங்களில் முடியும் வேலை இது.

இரண்டாவது, விடுதிக்கான அனுமதி புதுப்பிக்கப்படும்போது அணைக்கும் ஒரு பொறியியலாளரின் சான்று கேட்கப்பட வேண்டும். வான் திறந்திருக்கிறதா, மழைக்கு முன் மட்டத்தைக் குறைக்க வெளியேற்றுக் குழாய் வேலை செய்கிறதா, கசிவு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்காவது எழுத்தில் பதில் வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை. கீழே உள்ள குடும்பங்களின் தொலைபேசி இலக்கங்கள் விடுதியிடமும், விடுதியின் இலக்கம் அக்குடும்பங்களிடமும் இருக்க வேண்டும். பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் இதற்குப் பயன்படலாம்.

நான்காவது, பொறுப்பு. காப்புறுதி இல்லாமல் நீரைத் தேக்கிப் பணம் சம்பாதிக்க எவருக்கும் இடமளிக்கக் கூடாது. ஜோன்ஸ்டவுனுக்குப் பின்னர் அமெரிக்க மாநிலங்கள் பல, தமது காணியில் ஆபத்தானதைத் தேக்கி வைத்தவர் அது வெளியேறி விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பு என்ற ஆங்கிலேய சட்டக் கோட்பாட்டை நோக்கி நகர்ந்தன. அந்தக் கோட்பாடு பிறந்த வழக்கும், ஆலை முதலாளி ஒருவர் தனது காணியில் கட்டிய நீர்த்தேக்கம் அயலவரின் சுரங்கத்தை மூழ்கடித்தது பற்றியதுதான்.

ஐந்தாவது விடயம் எமது கையில் இருக்கிறது. மத்ரஸாக்கள், பாடசாலைகள், இளைஞர் கழகங்கள் சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது, போகும் இடத்தில் குளிக்கும் பகுதி எது, மேலே அணை உண்டா, மழை பெய்தால் யார் அறிவிப்பார் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. அது அணையால் வந்ததல்ல. ஆயினும் ஓடும் நீரின் முன் பிள்ளைகளைக் கொண்டுசெல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளின் விலை என்னவென்று அது எமக்குக் காட்டிவிட்டது. அணைக்கட்டும் விடுதி உரிமையாளராக எமது சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தால், கீழே வாழும் அயலவரின் உயிர் அவரிடம் உள்ள அமானிதம் என்பதையும் குத்பா மேடைகள் சொல்லலாம்.

ஜோன்ஸ்டவுனில் 1880இல் ஒருவர் போய்ப் பார்த்தார், எழுதினார், இன்னொருவர் பணம் தரவும் முன்வந்தார். அந்த அறிக்கையைச் செயற்படுத்தும்படி கழகத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஊர் போனது. எமது நாட்டில் அடுத்த மழைக்காலத்துக்கு முன், அத்தகைய அறிக்கை ஒன்றை யார் எழுதுவார், அதை யாரிடம் கொடுப்பார், வாங்கியவர் எத்தனை நாட்களுக்குள் செயற்பட வேண்டும் என்ற மூன்றையும் பிரதேச சபைகளும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை, அணைக்குக் கீழே வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு.